குஞ்சோடு நின்ற விரால்

ஞாயிற்றுக்கிழமை காலை. கே.ஜி.கண்டிகையைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஏரியில், கோரை மண்டிய ஓரமாக முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தான் சந்திரமோகன். திருத்தணியில் மூன்று பவர்லூம் வைத்து ஓட்டுகிறவன். வாரமெல்லாம் தறிச் சத்தத்தில் காது அடைத்துப் போகும். ஞாயிறானால் ஏரிக்கு வந்துவிடுவான். அவன் மீன் பிடிக்கும் வீடியோக்களுக்கு யூடியூபில் நல்ல கூட்டம் உண்டு. எவ்வளவு பெரிய மீன் சிக்கினாலும் தண்ணீரிலேயே விட்டுவிடுவான் என்பதுதான் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

கரையில் செல்போனில் வீடியோ எடுத்தபடி நின்ற அவன் நண்பன் ஸ்ரீதர் திடீரென்று கையை ஆட்டினான்.

"மோகா, அங்க பாரு! செகப்பா கொதிக்குது பாரு!"

கோரைக்குப் பக்கத்தில் ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் சிவந்து நெளிந்தது. நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள், மூச்சு வாங்க மேலே வந்து போய்க்கொண்டிருந்தன.

"தாயி கீழதான் நின்னுகினு இருக்கும். நடுவுல போடு!"

சந்திரமோகன் ஒரு கணம் தயங்கினான். குஞ்சோடு நிற்கும் மீனைப் பிடிப்பதில்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறான். ஆனால் நாம் விடத்தானே போகிறோம் என்று நினைத்துக்கொண்டான். தூண்டிலில் இரையாக மாட்டியிருந்த ரப்பர் தவளையைக் குஞ்சுகளின் நடுவே வீசி இழுத்தான். இரண்டு முறை ஒன்றுமில்லை. மூன்றாவது முறை தண்ணீர் வெடித்தது. பசியில் வந்த மீன் அல்ல அது. பிள்ளைகளுக்கு நடுவே என்னவோ புகுந்துவிட்டதென்று ஆத்திரத்தில் பாய்ந்த மீன்.

இழுத்துக் கரையேற்றினான். தொடை கனத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு விரால். அந்த ஏரியில் அப்படி ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லை.

ஹூக் செவுளுக்குள் மாட்டியிருந்தது. குறடால் பிடுங்கியதில் ரத்தம் கசிந்தது.

"சீக்கிரம் எடுடா, விட்டுடலாம்" என்றான் சந்திரமோகன்.

"இரு இரு. இங்க எதிர் வெய்யிலு. மதகாண்ட போயிடலாம். மலை பின்னாடி தெரியும், கோயில் கோபுரத்தோட சூப்பரா விழும்."

"ரத்தம் வருதே."

"விராலுடா இது. சாவாது. எவ்ளோ நேரம்னாலும் தாங்கும்."

ஈரச் சாக்கில் சுற்றி, ஏரியின் மறுகரையில் இருந்த மதகுக்குக் கொண்டு போனார்கள். நீளம் அளந்தார்கள். தூக்கிப் பிடித்து ஒரு தடவை, முத்தம் கொடுத்து ஒரு தடவை. கண் மூடிவிட்டாய், திரும்ப எடுக்கணும் என்றான் ஸ்ரீதர். கொதிக்கும் கருங்கல்லில் கிடந்த மீன் வாலை அடிப்பதை நிறுத்தியிருந்தது. கடைசியில் தண்ணீரில் விட்டபோது மெல்ல அசைந்து ஆழத்துக்குப் போனது. ஸ்ரீதர் கை தட்டினான்.

மத்தியானத்துக்குள் வீடியோ போய்விட்டது. ரத்தம் தெரிந்த இடத்தை ஸ்ரீதர் வெட்டிவிட்டிருந்தான். 'பெரிய மனசு அண்ணா', 'நீங்கதான் மனுஷன்' என்று கமெண்டுகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க சந்திரமோகனுக்கு உள்ளுக்குள் ஏதோ அரித்தது. தட்டில் சோற்றை அளைந்தான். எழுந்து போய் ஓடாத தறியில் அறுந்த நூலைத் தேடினான். மறுபடி வந்து உட்கார்ந்தான்.

"இன்னா பாவா, சோறு அப்படியே கீது?" என்றாள் அவன் மனைவி ஷோபனா.

"தாயி மதகாண்ட கீது. குஞ்செல்லாம் கோரையாண்ட கீது" என்றான் அவன், தனக்குத் தானே சொல்வது போல.

அவளுக்குப் புரியவில்லை. நடந்ததைச் சொன்னான். கேட்டுவிட்டு அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "வண்டிய எடுங்க. நானும் வரேன்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கோரை ஓரத்தில் கொக்குகள் நெருக்கியடித்து நின்றன. தண்ணீருக்குள்ளிருந்து கெளுத்திகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. முறம் அகலத்துக்கு இருந்த சிவப்பு இப்போது ஒரு கைப்பிடி கூட இல்லை. மிச்சமிருந்த குஞ்சுகள் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் சிதறிக்கொண்டிருந்தன. சந்திரமோகன் கல்லெடுத்து எறிந்தான். கொக்குகள் எழும்பி, மறுபடி அதே இடத்தில் இறங்கின.

மதகுப் பக்கம் ஓடினான். படிக்குக் கீழே வெள்ளை வயிறு மேலே தெரிய விரால் மிதந்துகொண்டிருந்தது. சட்டையோடு இறங்கி அதைக் கையில் ஏந்தினான். செவுள் ஒரு முறை திறந்தது. தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தான். கையை எடுத்தால் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினான். கொஞ்ச நேரத்தில் அந்தச் செவுளும் திறக்கவில்லை.

படியில் நின்ற ஷோபனாவின் குரல் தணிந்து வந்தது.

"கொழம்புக்குப் புடிச்சவன கேட்டா, பசிக்குப் புடிச்சேன்னு ஒரு பதில் சொல்லுவான் பாவா. நீங்க இன்னா சொல்லுவீங்க?"



அப்போது கரைமேல் ஒரு பைக் வந்து நின்றது. கையில் தூண்டிலோடு இரண்டு பேர் இறங்கினார்கள்.

"அண்ணா! நீங்கதான அது! கனகம்மாசத்திரத்துலேர்ந்து வரோம்ணா. வீடியோ பார்த்தவுடனே கெளம்பிட்டோம். குஞ்சு எங்க மேயுதுன்னு காட்டுங்கண்ணா, அதோட ஜோடி மீனு அங்கதான இருக்கும்?"

இன்னொருவன் எட்டிப் பார்த்தான். "அடேங்கப்பா, இன்னொண்ணா! விடத்தான போறீங்க?"

சந்திரமோகன் மீனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னொண்ணு இல்லப்பா. காலையில விட்டேனே, அதே மீனுதான். செத்துப் போச்சு. குஞ்சும் பாதிக்கு மேல போயிடுச்சு. ஹூக்க புடுங்கறப்பவே ரத்தம் வந்துச்சு, அத வீடியோல வெட்டிட்டோம்."



"விராலு சாவாதுன்னு சொல்வாங்களேண்ணா?"

"நானும் அத நம்பித்தான் கல்லு மேல போட்டு வீடியோ எடுத்துகினு இருந்தேன்." மீனைக் கீழே கிடத்திவிட்டு, ஷோபனாவிடமிருந்து செல்போனை வாங்கி ஸ்ரீதரைக் கூப்பிட்டான். "ஸ்ரீதர், வீடியோவ தூக்கு. ஆங், இப்பவே. எத்தினி பேரு பார்த்தா இன்னா? பார்த்தவங்க தூண்டிலோட இங்க வந்து நின்னுகினு இருக்காங்க. நீ தூக்கலன்னா செத்த மீனை நானே போட்டுக் காட்டுவேன்." வைத்துவிட்டான்.

வந்தவர்களில் ஒருவன் தயங்கிக் கேட்டான். "அப்போ இனிமே மீனே புடிக்க மாட்டீங்களாண்ணா?"

"புடிப்பேன். திங்கறதுக்கு ஒண்ணு வேணும்னா ஒண்ணு எடுத்துகினு போவேன், அதுல தப்பு இல்ல. வேணாம்னா தண்ணிக்குள்ளயே ஹூக்க கழட்டி விட்டுடுவேன். குஞ்சோட நிக்கிறத ரெண்டுக்குமே தொட மாட்டேன். விட்டுட்டேன், விட்டுட்டேன்னு ஊரெல்லாம் காட்டி பேரு வாங்கினேன். விடறது மீனு பொழைக்கறதுக்குத்தான்பா. நாம நல்லவங்கன்னு காட்டிக்கறதுக்கு ஒரு உயிர புடிச்சா, அத விட்டாலும் கொன்னதுதான்."