இரண்டாவது ஊசி

நோய் விசாரிக்க வந்தவர்களைக் கண்டாலே ஸகியாவுக்குக் குமட்டியது. விசாரிக்கவா வருகிறார்கள்? முக்காட்டைத் தூக்கித் தலையைப் பார்க்க வருகிறார்கள். "அல்லாஹ்வே, என்ன தலைமயிர் இருந்த புள்ள!" என்று மூக்கைச் சிந்துவது, தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பது, அடுத்த வீட்டுக்குப் போய் வாயைத் திறப்பது. சாய்ந்தமருதில் அந்த மாதம் இதைவிட நல்ல தமாஷா யாருக்கும் கிடைக்கவில்லை.

கழுத்தில் கட்டி கட்டியாக வந்த நோய்க்குக் கொழும்பில் ஊசி போட்டிருந்தார்கள். கோழிமுட்டை அளவிருந்த கட்டிகள் புளியங்கொட்டையாய்ச் சுருங்கின. கூடவே முடியும் கொத்துக் கொத்தாய்க் கழன்றது. அதை டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். முழுக்கத் தடுக்க வழியில்லை, கட்டையாக வெட்டிவிடுங்கள், அகலப்பல் சீப்பால் மெல்ல வாருங்கள், எதையும் பூசித் தேய்க்காதீர்கள், மருந்து முடிந்தால் திரும்ப முளைக்கும். இரண்டாவது ஊசிக்கு வராவிட்டால் கட்டியும் திரும்ப வரும், உயிரையே கொண்டுபோகும் என்றார்.

யார் காதில் ஏறியது? புருஷனின் அக்கா ஹாஜறா ராத்தா தினமும் போத்தலும் கையுமாக வந்தாள். வெங்காயச் சாறு, வேப்பெண்ணெய், அன்றைக்குச் சுறா ஈரல் எண்ணெய்.

"மணத்தப் பாக்காத. இது வேர இறுக்கிப் புடிக்கும்."

"வேணாம் மதினி. தேய்க்கப்படாதெண்டு டொக்டர் சொன்ன."

"அவனுக்கு என்ன தெரியும்? அவன்தானே கொட்ட வச்ச!"

எண்ணெய் காதுவழியே கழுத்துக்கு வழிந்தது. கருவாட்டுப் பானையைக் கவிழ்த்த மாதிரி நாற்றம். ஹாஜறா விரல்களை நுழைத்து அரக்கித் தேய்த்தாள். எடுத்தபோது உள்ளங்கை நிறைய முடி. "சீ!" என்று அதைச் சுவரில் அப்பினாள். ஈக்கள் வந்து மொய்த்தன. ஸகியா கிணற்றடிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். ஊசி போட்ட அன்றுகூட அவ்வளவு எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது புருஷன் அபுல் ஹஸன் பகல் சோற்றுக்கு வந்திருந்தான். கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்தவன், முடி கொட்டத் தொடங்கிய பிறகு இரவிலும் கடையிலேயே படுத்தான். மூக்கைத் துவாயால் பொத்திக்கொண்டு சொன்னான்:

"இஞ்ச, இனிக் கொழும்புக்குப் போறல்ல. ஊசிய நிப்பாட்டினா முடி கொட்டாது."

"கட்டி வருமே?"

"வந்தாப் பாப்பம். மொட்டப் பொண்டாட்டியெண்டு ஊரே சிரிக்கிது."

"அவன் ஆம்புள" என்றாள் ஹாஜறா. "அட்டாளைச்சேனையில ஒரு புள்ள பாத்து வச்சிரிக்கன். அவள இவனுக்கு முடிச்சுக் கூட்டி வருவம். ஒன்னயும் பாத்துக்குவாள்."

"கூட்டி வந்து?"

"இஞ்சதான் வைக்கிற."

ஸகியாவுக்குத் தலையில் இருந்த எண்ணெய் மணமெல்லாம் மறந்துபோயிற்று. இந்தக் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். இந்த வீடு அவளுடைய வாப்பா அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தது. அது தெரியாதவர்களா இவர்கள்?

உள்ளே போனாள். அவனுடைய பெட்டியை இழுத்து வந்து முற்றத்து மணலில் போட்டாள்.

"தூக்கிட்டுப் போங்க."

"ஐயோ, அவன் எங்க போவான்?" என்று அலறினாள் ஹாஜறா.

"ஒங்கட வீட்டுக்கு."

"எங்கட வீட்டுல ஏது இடம்?"

"அப்ப அட்டாளைச்சேனைக்குப் போகட்டும். பொம்புள வீட்டுக்கு."

"அவளுக்கு வீடிருந்தா நாங்க ஏன்…" என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸகியா புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரில் மொய்த்த ஈக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிக்காகத்தான் ஊசி வேண்டாமென்றார்கள் என்று கொஞ்சம் முன்புவரை நம்பியிருந்தாளே! ஊசி நின்று அவள் மவுத்தாகிச் செத்துப்போனால் வீடு அவன் கைக்கு வரும், புதியவளும் குடியேறுவாள்.

வேலியோரம் போய், அடுத்த வீட்டு வளவில் இருந்த தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

"மசூர்! நாளைக்கே கொழும்புக்குப் போகோணும். நீ வாறியா?"

"ஓம் ராத்தா. மச்சான் வரல்லியா?"

"அவருக்கு என்ட மவுத்து மட்டும்தான் வேணும்" என்றாள் ஸகியா.