நாய் தேடிய கவுன்

“கவுனைத் தேட நாய் வந்திருக்கே பெரியம்மா, அம்மாவைத் தேடினப்போ இந்த நாய் எங்க போயிருந்துச்சு?”

நகர மன்றத்தின் முன்னால், மேயர் காதில் விழும்படியே என் தங்கை மகள் ஏவரி ஒருமுறை இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. மேயர் சிரித்துக்கொண்டே நின்றார். போலீஸ் நாய்தான் தலையைத் திருப்பிக்கொண்டது.

காணாமல்போன, கொலையுண்ட எங்கள் பழங்குடிப் பெண்களின் நினைவாக, மன்றத்து மரங்களில் முப்பத்தாறு சிவப்புக் கவுன்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு காவலாளி. உயிரோடு இருக்கையில் எங்களுக்கு இவ்வளவு பத்திரம் வாய்த்ததில்லை.

முப்பத்தைந்து கவுன்கள் கடையில் வாங்கியவை. ஒன்று மட்டும் என் தங்கை ராக்சேனுடையது. அவள் உடுத்தியதில் எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே துணி. அதைக் கட்டிவிட்டு, எங்கள் ஒஜிப்வே வழக்கப்படி மரத்தடியில் ஒரு சிட்டிகை புகையிலை வைத்து வேண்டிக்கொண்டேன்.

“இங்க புகை பிடிக்கக் கூடாதும்மா” என்று மன்ற அதிகாரி பலகையைக் காட்டினார்.

மூன்றாம் நாள், காவலாளி காப்பி வாங்கப் போன நேரத்தில், அந்தக் கவுன்தான் காணாமல் போனது. இருபதே நிமிடத்தில் போலீஸ் வந்துவிட்டது.

“கடைசியா எப்போ பாத்தீங்க, லோர்னா?” என்றார் சார்ஜன்ட்.

“காலையில சார்.”

“அடையாளம்?”

“சிவப்பு. கையில லேஸ் வச்சிருக்கும்.”

“கவலைப்படாதீங்க. முதல் ஒரு மணி நேரம் ரொம்ப முக்கியம்.”

“அப்படியா? என் தங்கச்சிக்கு நாலு நாள் பொறுக்கச் சொன்னீங்களே! கவுன் குடிக்குமா, யார்கூடவாவது ஓடிப்போயிருக்குமான்னு கேக்க மறந்துட்டீங்க சார்.”

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பேனாவில் மை தீர்ந்திருக்கும், பாவம்.

மாலைச் செய்தியில் கவுனின் படம் வந்தது. தெளிவான படம். ராக்சேன் காணாமல் போனபோது அப்படி ஒரு படம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை, காசு போட்டுத் துவைக்கும் கடைக்குத் துணி மூட்டையோடு போனேன். அங்கே பெஞ்சில் ஒரே ஒரு பெண் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பதினேழு வயதிருக்கலாம். எங்கள் சாயல். உடம்பில் ராக்சேனின் கவுன். எதிரே உலர்த்தும் எந்திரத்தில் ஒரு ஜீன்ஸும் ஒரு சட்டையும் சுற்றிக்கொண்டிருந்தன. அவளிடம் இருந்தது அவ்வளவுதான் போலும். அது காயும்வரை உடுத்திக்கொள்ள ஏதாவது வேண்டுமே.

போனை எடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கவுன் என் கைக்கு வந்துவிடும். இவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

பதினெட்டு வயதில், வின்னிபெக் பஸ் நிலையத்தில் நானும் இப்படித் தூங்கியிருக்கிறேன். கண் விழித்தபோது, அதுவரை எனக்குக் காவலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண் எழுந்து போய்க்கொண்டிருந்தாள். நன்றி சொல்ல ஓடினேன். அவள் பஸ் கிளம்பிவிட்டது.

போனைப் பைக்குள் போட்டேன். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். எந்திரம் நின்றதும், சூடு ஆறுமுன் அவள் துணிகளை மடித்துக் காலடியில் வைத்தேன்.

அவள் இமைகள் அசைந்தன. சத்தமில்லாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.