தகரத்துக்குப் பின்னால்

நிஷாந்தினி எங்கள் கழுத்தை அறுத்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். சல்லி என்கிற ஊரிலிருந்து வருகிறவள். இரண்டு வருடமாக என் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்து, என்னை அக்கா முறை வைத்து ராத்தா ராத்தா என்று கூப்பிட்டவள். எங்கள் ஊர் உப்பங்கழியான கிண்ணியாக் களப்புக்காகக் கொழும்புக் கூட்டங்களுக்குப் போய்ப் பேசுகிறவளும் அவள்தான். பிறகு யாரைச் சந்தேகிப்பது?

வெளியூர்க் கொம்பனி ஒன்று இறால் பண்ணை போடுவதற்காகக் களப்புச் சேற்றில் நிற்கிற கண்டல் காட்டை வெட்ட வந்தபோது, எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் இயந்திரத்துக்கு முன்னால் போய்க் குந்திக்கொண்டோம். கொம்பனி திரும்பிப் போனது. கண்டல் மரம் காற்றிலுள்ள காபனைப் பிடித்து வைத்திருக்கும், வெட்ட விடாதீர்கள் என்று நாங்கள் போட்ட சத்தம் கொழும்பு வரைக்கும் கேட்டு, தேசிய காலநிலைத் திட்டத்திலேயே ஏறிவிட்டது. அன்றைக்கு ஊரெல்லாம் சோறு கொடுத்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகுதான் வந்தது வினை. அந்தத் திட்டத்தின்படி, சனங்கள் இறங்கித் தொழில் செய்கிற கண்டல் காடாக இருந்தால் தொழிலைத் தொடரலாமாம். யாருமே இறங்காத காடென்றால் முழுத் தடை, ஒருவரும் கால் வைக்கக் கூடாது. எங்கள் களப்பை இரண்டாவது வகையில் சேர்த்திருந்தார்கள்.

யாருமே இறங்காத காடாம்! விடிந்தால் இடுப்பளவு தண்ணீரில் நின்று நாங்கள் சேற்றிலிருந்து மட்டிச் சிப்பி அள்ளுகிற இடம் அது. பக்கத்து வீட்டு சனூஸாவின் அடுப்பு எரிவதே மட்டி விற்ற காசில்தான். தடை வந்தால் அவள் பிள்ளைகளை என்ன செய்வாள்?

"ஆரு இப்பிடிச் சொல்லிக் குடுத்த?" என்று என் கணவரிடம் கேட்டேன். கலீலுர் றஹ்மான் களப்புப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். பசாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார்.

"கொழும்புக்குப் போய்வாறவ அவதானே. அவவத்தான் கேக்கணும்" என்றார், என் முகத்தைப் பாராமல்.

அதோடு நிஷாந்தினியின் அழைப்புகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்தினேன்.

தடைப் பலகை நடும் முன் கடைசியாக ஒருமுறை பார்க்க அமைச்சிலிருந்து சோமசேகரம் என்ற அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். முன்பும் ஒருமுறை அவர் வந்திருக்கிறார். அப்போது நான் உம்மாவின் வீட்டில் இருந்தேன். அந்த வருகைக்கு முந்திய வாரம்தான் என் கணவர் கடையிலிருந்து தகரம் கொண்டுவந்து கிணற்றடியில் குளிக்க மறைப்பு அடித்தார். எத்தனையோ வருடமாக நான் கெஞ்சிக் கேட்டது. வந்த சந்தோசத்தில், ஏன் திடீரென்று இந்த அக்கறை என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

"மட்டி வேணாம். கோழி ஆக்குங்க, காணும்" என்றார் என் கணவர் இந்த முறை. சந்தேகம் பிடித்த மனுசிக்கு அது போதாதா? கோழியும் ஆக்கினேன், மட்டியும் ஆக்கினேன்.

அதிகாரியோடு நிஷாந்தினியும் வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சோற்றை வைத்துவிட்டு குசினிச் சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன், யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க.

சோமசேகரம் மட்டிக் கறியை இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். "நல்ல ருசி. எங்க எடுத்தனீங்கள்?"

"மூதூர் பசார்ல வாங்கின, சேர்" என்றார் என் கணவர்.

காலையில் நான் அள்ளிய மட்டி. கால் விரலிடுக்கில் சேறு இன்னும் போகவில்லை. சீலையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"இல்ல சேர். இந்தக் களப்புல நான் அள்ளின."

அவர் கையைச் சோற்றுக் கோப்பையிலேயே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். "அண்டைக்குத் தோணியில கூட்டிக்கொண்டு போய்க் காட்டினது நீங்கள்தானே தலைவர்? எங்கட பொம்பிளையள் சேத்துக்க இறங்கிறேல்லை எண்டு சொன்னீங்களே?"

நிஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைக்காரர், குழுத் தலைவர். அவருடைய பெண்சாதி சேற்றில் நிற்கிறாள் என்று கொழும்பு ஆளுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமாம். அதற்காக ஒரு தெருவின் சோற்றிலேயே கை வைத்துவிட்டு, பழியை ஒரு பெண்பிள்ளை மேல் போட்டிருக்கிறார். நானும் நம்பியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

"பின்னுக்கு வாங்க சேர்" என்றேன்.

"றுக்கியா, வேணாம்" என்றார் என் கணவர்.

வேண்டாமென்று சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தத் தகரம் கிணற்றை அரைவாசிதான் மறைத்தது. முழுதாக மறைத்தது கிணற்றுக்குப் பின்னால் நாங்கள் சதை எடுத்து எறிந்த மட்டிக்கோதுக் குவியலை. கிணற்றடிக்குப் போய் ஒரு தகரத்தைப் பிடித்து இழுத்தேன். ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்த கோதுகள் கலகலவென்று சரிந்து அதிகாரியின் சப்பாத்து வரைக்கும் வந்தன.

"இவ்வளவும் மூதூர்ல வாங்கினதோ, தலைவர்?" என்று கேட்டார் சோமசேகரம்.

பக்கத்து வேலியில் சனூஸா வந்து நின்றாள். அவளைக் கண்டதும் என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவதான் அள்ளுற, சேர். எங்கட தெருப் பொம்புளைகள் எல்லாரும் அள்ளுற. நானும் அதத் திண்டு வளந்தவன்தான். மாத்தி எழுதுங்க."

சோமசேகரம் எழுதிக்கொண்டார். நான் நிஷாந்தினியின் கையைப் பிடித்தேன். அவள் கையை எடுக்கவில்லை, ஆனால் திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

பின்னேரம் ஓட்டோ பிடித்து அந்தத் தகரம் எல்லாவற்றையும் கடைக்கே திருப்பி அனுப்பினேன். இனி நான் சீலை கட்டி மறைத்துக் குளித்துக்கொள்வேன். தகரம் வீட்டில் இருந்தால் அந்த மனுசன் வேறு எதை மறைப்பாரோ, யாருக்குத் தெரியும்?