பத்தொன்பதாம் வரிசை, நாற்பத்தொன்றாம் இருக்கை

பெருந்தொற்றால் மைதானத்தின் வாயில்கள் பூட்டப்பட்ட பன்னிரண்டாம் நாள் காலையில், மடங்கிக் கிடந்த இருபத்திரண்டாயிரம் இருக்கைகளில் ஒன்று மட்டும் இறங்கி, ஆள் உட்கார்ந்ததுபோல் அப்படியே நின்றுவிட்டது. கிழக்குப் பக்கம், பத்தொன்பதாம் வரிசை, நாற்பத்தொன்று. முதலில் பார்த்தவர் புல் வெட்டுகிறவர். அவை ஸ்பிரிங் வைத்த சிவப்பு பிளாஸ்டிக் இருக்கைகள். ஆள் எழுந்ததும் படக்கென்று தாமாக மடங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் போயிருக்கும் என்று எண்ணெய்க் குப்பியோடு படியேறினார். ஸ்பிரிங்கில் குறையில்லை. விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். கொஞ்சம் எழுந்த இருக்கை, பாரம் இழுக்க மறுபடி இறங்கியது. புல்லின் உயரம், மண்ணின் ஈரம், முந்தின நாள் மழை என்று எல்லாவற்றையும் அளந்து எழுதிவைப்பது அவருடைய தொழில். அதனால் காரிலிருந்து ஜாக்கியையும், வீட்டுக் குளியலறையிலிருந்து எடை பார்க்கும் கருவியையும் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கைக்கு அடியில் வைத்து அளந்தார். பதினான்கு கிலோ. நோட்டில் ஈரப்பதத்துக்குக் கீழே அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த இருக்கை ஒரு லிப்ட் மெக்கானிக்குடையது. பக்கத்தில் இருந்த நாற்பத்திரண்டு அவர் மனைவியுடையது; அவள் திரைச்சீலைக் கடைக்குத் தைத்துக் கொடுப்பவள். இருபத்து மூன்று வருடங்களாக, பருவத்துக்குப் பருவம் புதுப்பித்து, இருவரும் அதே இடத்தில் உட்கார்ந்து அதே அணி தோற்பதைப் பார்த்துவந்தார்கள். மெக்கானிக் ஆட்டம் நடக்கும்போது வாய் திறக்கமாட்டார். கூரையே இடிந்து விழுந்தாலும் இடைவேளை விசில் ஊதிய பிறகுதான் அதைப் பற்றிப் பேசுவார். முழங்கால்களை அகல வைத்து உட்காருவார், மனைவி தன் முழங்காலால் இடித்துத் தள்ளுவாள், அவர் நகரமாட்டார். ஆளைப் பார்த்ததும் எடையைச் சொல்லிவிடும் தொழில் பழக்கம் வேறு. வரிசையில் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. முப்பத்தொன்பது பல் டாக்டர், நாற்பது பஸ் டிரைவர், நாற்பத்து மூன்று எப்போதும் ஜலதோஷக்காரர். இருக்கை இறங்கிய அந்தக் காலையில்தான் மெக்கானிக்குக்குக் குழாய் செருகி, மூச்சு விடுகிற மெஷினில் போட்டிருந்தார்கள். மைதானத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒன்பது பஸ் நிறுத்தங்கள்.

ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. தினமும் பதினொரு மணிக்கு வார்டு டாக்டர் போன் செய்வார். மகள் மின்சார அலுவலகத்தின் புகார் எண்ணில் வேலை பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் காதுக்கருவியோடு உட்கார்ந்து, விளக்கெரியாதவர்களின் கோபத்தையெல்லாம் கேட்டுப் பதிவு செய்துகொண்டிருப்பாள். பதினொரு மணிக்கு மட்டும் அதைக் கழற்றிவிடுவாள். மூன்றாம் நாள் டாக்டர் கொஞ்சம் தயங்கினார். படுக்கையிலேயே எடை காட்டும் கருவி உண்டு, வந்தபோது எண்பத்திரண்டு கிலோ, இப்போது அறுபது காட்டுகிறது, படுக்கையை இரண்டு முறை மாற்றிப் பார்த்தாயிற்று, ஆள் மெலியவும் இல்லை என்றார். அன்று மாலை ஆளில்லா மைதானத்தில் நடந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கேமரா கிழக்குப் பக்கம் திரும்பியபோது அம்மா ஊசியைக் கீழே வைத்தாள்.

"அது நம்ம சீட்டுடி."

மகள் அணியின் கிளப்புக்குப் போன் செய்து, புல் வெட்டுகிறவரைப் பிடித்தாள். அவர் நோட்டைப் பார்த்து, இன்றைக்கு இருபத்திரண்டு கிலோ என்றார். அறுபதும் இருபத்திரண்டும் எண்பத்திரண்டு. மறுநாள் ஆஸ்பத்திரியில் ஐம்பத்தேழு, மைதானத்தில் இருபத்தைந்து. அதற்கு மறுநாளும் கணக்கு பிசகவில்லை. படுக்கையில் குறைவது இருக்கையில் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் நல்ல மனிதர், ஆனால் களைத்துப்போனவர். மகள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, இதற்கு மருந்து இல்லை, ஆனால் எண்ணைத் தினமும் சொல்கிறேன் என்றார். சொன்னார்.

ஆறாவது வாரம் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த பருவத்துக்கு இருக்கைகளைப் புதுப்பிக்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் இணையப் பக்கத்தில் எண்ணிக்கையைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத இடங்கள் வேறு ஆட்களுக்குப் போய்விடும். எப்போது வாயில் திறக்கும் என்று சொல்வதற்கில்லை. ஊரில் பாதிப் பேர் இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று கடிதத்தைக் கிழித்துப் போட்டார்கள். அந்த வீட்டில் அதைக் கிழிக்க முடியவில்லை. அன்று காலை படுக்கையில் பதினொரு கிலோதான் இருந்தது. நடுவில் சில நாள் குறையாமல் நின்றது, இப்போது நாளுக்கு இரண்டு கிலோ வீதம் போய்க்கொண்டிருந்தது.

புதுப்பிக்கவே கூடாது என்றாள் மகள். இடம் பறிபோனால் அப்பா எழுந்துதான் ஆகவேண்டும்; எழுந்தால் உடம்புக்குத்தான் திரும்பவேண்டும்; எண்பத்திரண்டும் படுக்கைக்கு வந்தால் கண் திறப்பார். அம்மாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் தூக்கம் விட்டு எழுகிற ஆள் எல்லாம் போன வழியிலேயே திரும்பி வருவதில்லை என்றும் பட்டது. விஷயம் வெளியே கசிந்து, ஊரும் நடுவில் புகுந்தது. இருக்கை இறங்கியதிலிருந்து அணி ஆறு ஆட்டம் தோற்கவில்லை. அப்படி ஒன்று அந்த ஊர் ஞாபகத்தில் நடந்ததில்லை. நாற்பதாம் இருக்கை பஸ் டிரைவர், போன் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்.

"அண்ணி, தயவுசெஞ்சு அவர எழுப்பிடாதீங்க. இத்தன வருஷம் நாம எல்லாரும் சேந்து தொண்ட கிழியக் கத்தினோம், ஒண்ணும் நடக்கல. அண்ணன் ஒத்த ஆளா வாயத் திறக்காம சாதிச்சிட்டாரு."

"உங்களுக்குக் கப்பு வேணும்," என்றாள் அம்மா. "எனக்கு ஆள் வேணும்."

"ஆள் அங்கதானே அண்ணி இருக்காரு?"

மறுநாள் கிளப் செயலாளரே கூப்பிட்டு, இரண்டு இருக்கையும் இலவசம், ஆயுளுக்கும் இலவசம் என்றார். இலவசமாத் தந்தா வாங்கிக்கறதுக்கு இது என்ன சோப்பு டப்பாவா என்று கேட்டுவிட்டு வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்காது என்பது அவள் எண்ணம். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், மகள் யாரோ ஒருவரிடம் உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் புல் வெட்டுகிறவர், சட்டத்துக்கு விரோதமாக, சாமான் வண்டி நுழையும் வாசலைத் திறந்துவிட்டார். அம்மா முகக்கவசத்தோடு பத்தொன்பது வரிசை படியேறி, தன் இருக்கையை இறக்கி உட்கார்ந்தாள். புல் புதிதாக வெட்டியிருந்தது. பக்கத்து இருக்கையில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கையை வைக்கவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. என்னங்க, என்றாள். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக. பதிலே இல்லை. கீழ்ப்படியில் நின்ற புல் வெட்டுகிறவர் தலையைச் சொறிந்தார்.

"ஆட்டத்து நடுவுல பேசமாட்டாருன்னு சொல்வாங்களேம்மா. இடைவேள விட்டாத்தானே?"

"ஆட்டமே இல்லையேப்பா."

"அது நமக்கு. அவருக்கு எதுவோ ஓடிட்டிருக்கும். இருங்க."

அவர் பையிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஊதினார். காலி மைதானத்தில் அது நான்கு பக்கமும் முட்டித் திரும்பி வந்தது. அப்போது அம்மாவின் இடது முழங்காலை ஒரு முழங்கால் வந்து தொட்டு, வழக்கம்போல இடத்தைப் பிடித்துக்கொண்டது. கால ஒழுங்கா வெச்சு உக்காருங்க என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள். முழங்கால் நகரவில்லை. வீட்டுக்கு வர்றீங்களா, இங்கயே இருக்கீங்களா என்று கேட்டாள். பெண்ணு கேக்குது, எனக்கு ஒண்ணும் புரியல, நீங்களே சொல்லிடுங்க என்றாள். அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் மூச்சு கேட்டது. ஆறு வாரமாக மெஷின் ஊதி இறக்கிய மூச்சு இல்லை அது. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயரும்போது விடுகிற, மூக்கில் லேசாகச் சீட்டியடிக்கும் மூச்சு. கால்மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். புல் வெட்டுகிறவர் தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடி ஊதி, ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

"அங்க மெஷின் இல்லாம மூச்சு விடறாருடி," என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"அம்மா, ஆஸ்பத்திரில அஞ்சு கிலோதான் மிச்சம். ஒண்ணுன்னு போடு. உன் சீட்டு இருக்கட்டும், அப்பாவோடத விட்டுடு. எழுந்திருச்சு வரட்டும்."

"வரலன்னா?"

"வருவாரு."

"வரலன்னா எங்கடி போய் உக்காருவாரு அந்த மனுஷன்? நின்னுட்டே இருக்கச் சொல்றியா?"

மகள் அப்பாவுக்கு நான் வேண்டாமா என்று கேட்டாள். கேட்டது முப்பத்து நான்கு வயதுப் பெண். குரல் மட்டும் ஏழு வயதுக் குரலாக இருந்தது. அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இருவரும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை படுக்கையில் மூன்று கிலோ. வீட்டில் ஒரே கம்ப்யூட்டர்தான்; மகள் வேலை பார்க்கிறது. நாலே முக்காலுக்கு அவள் வேலையிலிருந்து விடுப்பு கேட்டு, கிளப்பின் பக்கத்தைத் திறந்தாள். பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மூன்று கட்டங்கள். ஒன்று என்ற கட்டத்தின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மனைவி நீதான், நீயே அழுத்து, நான் அழுத்தி ஏதாவது ஆனால் என்னால் தாங்க முடியாது என்று சொல்லி மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அம்மா ஐந்து அடிக்க நான்கு நிமிடம் வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது பிடிப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு, அம்புக்குறியை ஒரு விரற்கடை நகர்த்தி, இரண்டு என்பதில் அழுத்தினாள். நன்றி என்று வந்தது. மகள் ஓடிவந்து பார்த்தாள். திரும்பப் பெற எங்கே அழுத்துவது என்று பக்கம் முழுக்கத் தேடினாள். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு ஐம்பத்திரண்டுக்குப் படுக்கை பூஜ்யம் காட்டியது. டாக்டர் அந்த நேரத்தையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு ஊழியர்கள் தூக்க வந்தார்கள்; ஒருவர் போதும் என்று மற்றவர் திரும்பிப் போய்விட்டார். பெட்டியைக் காற்று தள்ளிவிடாமலிருக்க ஆள் ஒருவர் மேலே கைவைத்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார்கள். மைதானத்தில் புல் வெட்டுகிறவர் எண்பத்திரண்டு என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். அன்றைய ஆட்டத்தில் அணி மூன்று கோல் வாங்கித் தோற்றது. ஊர் மக்கள் சந்தேகத்தோடு கிழக்குப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பழைய வாழ்க்கைக்குத் திரும்பினார்கள்.

நீ அழுத்தினதாலதான், என்று மகள் ஒரே ஒரு முறை சொன்னாள். அம்மா மறுக்கவில்லை. அதன்பிறகு இரண்டு வருடம் அந்த வீட்டில் உப்பு, சோப்பு, கரண்ட் பில் தவிர வேறு பேச்சு நடக்கவில்லை. வாயில்கள் திறந்தன. அம்மா இரண்டு நுழைவுச்சீட்டோடு போனாள். வாசலில் இருந்தவர் இரண்டையும் கிழித்துக் கொடுத்தார். பஸ் டிரைவர் தன் இடத்துக்குப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கால எடுங்கண்ணே என்று சொல்லி, எடுக்காததால் தாண்டிப் போனார். ஜலதோஷக்காரர் கைக்குட்டையை மறக்காமல் மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் கடிதம் வந்தது. ஒவ்வொரு வருடமும் அம்மா முதல் தடவைபோலவே திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கடைசி நிமிடத்தில் இரண்டு என்று அழுத்தினாள். மகள் அந்த நேரம் பார்த்து மாடிப்படிக்குப் போய்விடுவாள்.

ஐந்தாவது வருடம் அம்மாவுக்கு நோய் வந்தது. பெருந்தொற்று ஒன்றுமில்லை, மருத்துவப் புத்தகத்தில் பெயருள்ள, மெதுவான நோய். வீட்டிலேயே படுத்திருந்தாள். குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகும் மகளின் கையில் அவள் வாரத்துக்கு வாரம் லேசானாள். நோயாளிகள் மெலிவது வழக்கம்தான், அம்மா மெலியவில்லை. மகள் எடை பார்க்கவில்லை. ஒருநாள் பத்து மணிக்குப் புல் வெட்டுகிறவர் தாமாகவே கூப்பிட்டு, கொஞ்ச நேரம் வானிலையைப் பற்றிப் பேசினார்.

"பக்கத்து சீட்டும் இறங்கிடுச்சும்மா," என்றார் பிறகு. "ஒன்பது கிலோ."

கடிதம் அந்த வாரமே வந்தது. மகள் பக்கத்தைத் திறந்து, மூன்று கட்டங்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூஜ்யம் என்று அழுத்தினால் அம்மா எழுந்து இந்தக் கட்டிலுக்கு வந்துவிடுவாளா என்று காலையிலிருந்து மாலைவரை யோசித்தாள். வரலாம். அம்மாவின் கை பிடித்திருக்கும்போது கனமாக, முன்போல வியர்வையோடு இருக்கலாம். அப்பாவும் எழ வேண்டியிருக்கும். அவருக்கு வந்து படுக்க எதுவும் இல்லை. ஒன்று என்று அழுத்தினால் அப்பா அங்கே தனியாகிவிடுவார். உள்ளேயிருந்து அம்மா, என்னடி, அழுத்திட்டியா என்றாள். கொஞ்சம் பயந்த குரல். இரும்மா, இன்னும் டைம் இருக்கு என்றாள் மகள். ஐந்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது இரண்டு என்று அழுத்தினாள். உள்ளே போய், அழுத்திட்டேன் என்றாள். அம்மா தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். பதினேழு நாள் கழித்து இறந்தாள். அவளை மகள் ஒருத்தியே தூக்கினாள்.

இப்போது இரண்டு இருக்கைகளும் இறங்கியே இருக்கின்றன. மழை பெய்தால் அவை இரண்டு மட்டும் நனைவதில்லை. புல் வெட்டுகிறவர் அதையும் குறித்துவைத்திருக்கிறார். வருடா வருடம் மகள் புதுப்பிக்கிறாள். பஸ் டிரைவர் தன் இடத்தைத் தருகிறேன் என்றார். அவருக்கும் வயதாகிவிட்டது, வேண்டாம் என்றுவிட்டாள். கிழக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு இடம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். பட்டியலில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறாவது பெயர் அவளுடையது. மாதம் ஒருமுறை கூப்பிட்டு விசாரிக்கிறாள். ஆட்கள் ஊர் மாறுகிறார்கள், சலித்துப்போய் விலகுகிறார்கள். போன மாதம் ஆயிரத்து நூற்று முப்பத்தொன்று ஆகியிருக்கிறது.