ஒட்டுக்குக் கீழே

செடிக்கு வலிக்குமென்று கத்தரியை முதலில் வெந்நீரில் கழுவுவாள். "கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு" என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் வெட்டுவாள். அப்படிப்பட்ட மனசு பெரியவளுக்கு. ஊரில் அவளை நர்சரியம்மா என்பார்கள். வாடிய தொட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் டாக்டர் முன்னால் நிற்கிற மாதிரி கைகட்டி நிற்பார்கள். விடுமுறை நாளென்றால் வீட்டு மொட்டைமாடியில் தன் சொந்தத் தொட்டிகளோடுதான் வாசம். இலை இலையாகத் துடைப்பாள். புழுவைக்கூடக் கொல்லாமல் காகிதத்தில் ஏந்திப் பக்கத்துக் காலிமனையில் விடுவாள். வருகிறவர்களிடமெல்லாம் அவள் புருஷன் சொல்வார்: "ஒரு இலை மஞ்சளாச்சுன்னா அன்னிக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. நான் காய்ச்சல்ல கிடந்தா, மாத்திரை அலமாரியில இருக்குன்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிடுவா."

இந்தப் புண்ணியவதி கூடப்பிறந்தவளுக்குச் செய்ததைக் கேளுங்கள்.

அவர்கள் அம்மா வளர்த்தது ஒரே ஒரு ரோஜா. சந்தன நிறம். ஒரு பூ பூத்தால் வீடே மணக்கும். எங்கே வாங்கியது என்று அம்மாவுக்கே மறந்துவிட்டது. பெரியவள் எத்தனையோ நர்சரிகளில் தேடியும் அந்த ஜாதி கண்ணில் படவில்லை. "எனக்கு ஒரு குச்சி ஒடிச்சுக் குடும்மா" என்று கேட்டதற்கு, "உன்கிட்டதான் ஆயிரம் கிடக்கே" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா படுக்கையில் விழுந்தபோது பீ மூத்திரம் அள்ளியவள் சின்னவள். பெரியவள் எப்போதாவது வந்து ஜன்னலோரம் ஒரு புதுத் தொட்டியை வைத்துவிட்டுப் போவாள். கண்மூடுவதற்கு முன்னால், பெரியவளை எதிரில் வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "ரோஜா சின்னவளுக்கு."

செடியைப் பற்றிச் சின்னவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பூ வந்தால்தான் அது ரோஜா என்றே அடையாளம் தெரியும். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ஆயுசு முழுக்கச் செடிகளோடு கிடந்தவள் அவள்.

சின்னவள் பாசத்தில் தண்ணீரை ஊற்று ஊற்றென்று ஊற்றினாள். செடி சுருண்டது. அழுதுகொண்டே தொட்டியைத் தூக்கிவந்து அக்காவிடம் நீட்டினாள். "நான் இதக் கொன்னுடுவேன் போலிருக்குக்கா. நீயே பொழைக்க வெச்சுக் குடு."

நல்ல ரோஜாக்கள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். அடியில் இருப்பது முரட்டுக் காட்டு ரோஜாவின் வேர். அதன்மேல் உயர்ந்த ஜாதியின் மொட்டை வைத்துக் கட்டி ஒட்டவைத்திருப்பார்கள். ஒட்டிய இடம் முட்டி மாதிரி புடைத்திருக்கும். அதற்கு மேலே வெட்டினால் நல்ல ரோஜா துளிர்க்கும். கீழே வெட்டினால் காடுதான் துளிர்க்கும்.

பெரியவள் கீழே வெட்டினாள். பொறுத்துக்கோடா கண்ணு என்று சொல்லவும் மறக்கவில்லை. மேல்பாதியிலிருந்த மொட்டுகளை எடுத்துத் தன் மாடியில் ஒட்டுக் கட்டினாள். பிழைத்தது ஒன்றே ஒன்று. அடிக்கட்டையைத் தொட்டியோடு தங்கையிடம் திருப்பிக் கொடுத்தாள்.

காட்டுச் செடி சும்மா இருக்குமா? மளமளவென்று கிளம்பியது. சின்னவள் விடிந்தால் ஒரு போட்டோ அனுப்புவாள். "அம்மா திரும்பி வந்துட்டாக்கா" என்பாள். "எப்பக்கா பூக்கும்?" என்பாள்.

"படுக்கையில கிடந்த அம்மாவப் பொறுமையாப் பாத்துக்கிட்டல்ல? அந்தப் பொறுமை இதுக்கும் வேணும்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, இதுதான். அந்தப் பைத்தியக்காரியோ வெயில் நகர நகரத் தொட்டியை அறைக்கு அறை தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

அடுத்த வருஷம் பெரியவளின் மாடியில் முதல் பூ விரிந்தது. சந்தன நிறம், அதே மணம். அதில் மூக்கைப் புதைத்து நிஜமாகவே அழுதாள். "இப்ப யார்கிட்ட இருக்கே பாத்தியாம்மா?" என்றாள்.

போன் அடித்தது. சின்னவள்தான்.

"அக்கா, வீடு மாத்திட்டோம். இங்க பொட்டு வெயில் இல்ல. ரோஜாவ உன் மாடியில வெச்சிடறேன். தினமும் வந்து நானே தண்ணி ஊத்திக்கறேன். இப்பதான் எடுத்துக்கிட்டு வரேன், உன் தெருமுனைக்கு வந்துட்டேன்."

பெரியவள் பூவைப் பார்த்தாள். இன்றைய பூவைப் பறித்துவிடலாம். ஆனால் ரோஜா பூத்துக்கொண்டேதான் இருக்கும், அவளும் தினமும் வந்துகொண்டேதான் இருப்பாள். உண்மையைச் சொல்லிவிட்டால்? அழுவாள், ரெண்டு நாள் பேசமாட்டாள், அப்புறம் மன்னித்துவிடுவாள். அந்த மன்னிப்பைத்தான் பெரியவளால் தாங்கமுடியாது.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கத்தரியைக் கழுவவில்லை, செடியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒட்டுக்குக் கீழே ஒரே வெட்டு. பூவைக் கையாலேயே கசக்கி, தண்டை ஒரு மொட்டும் மிஞ்சாதபடி பொடிப்பொடியாக நறுக்கி, எல்லாவற்றையும் எருத்தொட்டியின் அடியில் அமுக்கினாள். உலகத்தில் அம்மாவின் ரோஜா அத்தோடு தீர்ந்தது.

சின்னவள் மூச்சிரைக்கப் படியேறி வந்து, தன் தொட்டியை அந்தக் கட்டையின் பக்கத்தில் இறக்கினாள்.

"இது என்னக்கா, மொட்டையா நிக்குது?"

"நோய் விழுந்துடுச்சு. வெட்டிட்டேன்."

"துளிர்க்குமா?"

"துளிர்க்கும்."

"பாவம். அம்மா பக்கத்துல இருக்கட்டும், சீக்கிரம் தேறிடும்." நன்றியில் அக்காவின் கையைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கையை மூக்கருகே கொண்டுபோனாள். கண் நிறைந்துவிட்டது. "அக்கா, அம்மா ரோஜா வாசம் அடிக்குது உன் கையில."

"சோப்பு."

"என்ன சோப்புக்கா? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன். இது பூக்கிற வரைக்கும் வெச்சுக்கறேன்."

"அது இப்பல்லாம் வர்றதில்ல. அதான் கடைசி."

சின்னவள் கையை விடவில்லை. இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"அப்ப கொஞ்ச நேரம் கையக் கழுவாதக்கா" என்றாள்.