வாங்காத பருப்பு

ஆண்டிமடத்துக்குப் பக்கத்து ஊர் ரேஷன் கடையில் கைரேகை வைத்த மறுநிமிடமே வெற்றிச்செல்வியின் போனுக்கு மெசேஜ் வந்துவிட்டது: துவரம்பருப்பு ஒரு கிலோ வழங்கப்பட்டது. பையில் இருந்ததோ வெறும் அரிசி.

“பருப்பு எங்கங்க?”

“ஸ்டாக் இல்லம்மா. அடுத்த ஆள் வாங்க,” என்றார் விற்பனையாளர்.

“இல்லாத பருப்ப வாங்கிட்டேன்னு எப்படிங்க மெசேஜ் வருது?”

வரிசையில் இருபது பேர் நின்றார்கள். மாசாமாசம் எல்லார் போனுக்கும் இதே மெசேஜ்தான் வருகிறது. வீட்டுக்குப் போய் வாய் கிழியப் பேசுவார்கள். இங்கே மட்டும் ஒவ்வொருத்தர் வாயிலும் கொழுக்கட்டை. அடுத்து நின்ற சாமிதுரை அவள் காதோரம் குனிந்து, “எதுக்கும்மா வம்பு? நவுந்து போ,” என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இந்த மெசேஜோட தாலுக்கா ஆபீசுக்கே போறேன்,” என்று கத்தினாள். விற்பனையாளர் உள்ளே போய் ஒரு கிலோ பருப்போடு வந்தார்.

“இந்தாங்க, கெளம்புங்க.”

அவள் அதைத் தொடவில்லை. “மொதல்ல இவங்க எல்லாருக்கும் போடுங்க. கடைசியா நான் வாங்கிக்கிறேன்.”

அப்போதுதான் வரிசையிலிருந்து முதல் குரல் எழுந்தது. சாமிதுரை அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து பையை விரித்தார்.

“அப்ப எனக்குப் போடுங்க சார். எவ்ளோ நேரம் நிக்கிறது?”