எந்த அப்பா?

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் வாடகைக்குப் பொறுத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் ஃபீஸ் கேட்க மாட்டார்கள். அம்மாவின் தையல் கம்பெனியில் யாராவது கேட்டால் அப்பா படுத்த படுக்கை. அப்போதுதான் ஓவர்டைம் தருவார்கள்.

இதில் எது நிஜம் என்று கேட்டால் அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "வாயை மூடிட்டு சாப்பிடு" என்பாள். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவதாம்?

நேற்று சாயங்காலம் அப்பாவே வந்து நின்றார். எனக்குச் செருப்பு வாங்கி வந்திருந்தார். போட்டுப் பார்த்தேன். குதிகால் வெளியே நின்றது.

அதற்குள் வீட்டுக்காரம்மா மேலே ஏறி வந்துவிட்டார். "யாருடி இது?" என்று என்னைத்தான் கேட்டார்.

வெளிநாட்டு அப்பா இப்படிக் கிழிந்த சட்டையிலா வருவார்? விட்டுப் போனவர் என்றால் ஏன் வந்தார்? படுத்த படுக்கை என்றால் எப்படி மாடி ஏறினார்? அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

அப்பாதான் முந்திக்கொண்டார். "கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு வந்தேங்க."

"அப்படியா? என் அடுப்பும் சரியா எரியல. வந்து பாருப்பா."

அப்பா அவர் பின்னாலேயே படி இறங்கினார். நான் ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் எக்கிப் பார்த்தேன்.

"அங்கிள், மறுபடி எப்ப வருவீங்க?" என்று கத்தினேன்.